'இரட்சிக்கப்பட்டீர்களா?' என்ற கேள்வி ஏன் உறுத்துகிறது

தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயில், காலை ஒன்பது மணி. மாம்பலத்தில் ஏறும் ஒருவர் தோள்பையிலிருந்து சின்னச் சின்னத் தாள்களை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கையில் வைத்துக்கொண்டே போகிறார். 'நீ எங்கே போகிறாய்?' என்று கொட்டை எழுத்தில் கேட்கிறது தாள். எழும்பூர் என்று சொல்லத் தோன்றும். தாள் கேட்பதோ சொர்க்கமா நரகமா என்று. சிலர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார்கள், சிலர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள், ஒருவர் "வேணாங்க" என்கிறார். கொடுத்தவர் கோபப்படுவதில்லை. "இயேசு உங்களை நேசிக்கிறார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்கிறார். அவர் இறங்கிய பிறகுதான் பெட்டியில் முணுமுணுப்பு தொடங்குகிறது.

எங்காவது ஊருக்குள் நோட்டீஸ் கொடுக்க வந்தவர்களை மறித்தார்கள், வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் இந்த முணுமுணுப்புதான் பெரிதாகிறது. ஒரு பக்கம் 'இது எங்கள் அடிப்படை உரிமை' என்கிறது, இன்னொரு பக்கம் 'மதமாற்றக் கும்பல்' என்கிறது. இரண்டு கூச்சலுக்கும் நடுவில் ஒரு சாதாரணக் கேள்வி காணாமல் போகிறது. கிறிஸ்தவர்கள் நடத்தும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பி, அவர்கள் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கிச் சாப்பிடும் அதே ஆள் இந்த நோட்டீஸைக் கண்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்?

முதலில், எதற்காகச் சொல்கிறார்கள்?

சுவிசேஷம் என்றால் நல்ல செய்தி. கத்தோலிக்கர்கள் நற்செய்தி என்பார்கள். மத்தேயு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களிடம் புறப்பட்டுப் போய் எல்லா இனத்தாரையும் சீடராக்கச் சொல்கிறார். பிரதான கட்டளை என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்பது இதைத்தான். ஆகவே ஒரு விசுவாசிக்கு இது விருப்பப் பாடம் கிடையாது, கட்டளை. அதோடு இயேசுவை ஏற்காதவர் நரகத்துக்குப் போவார் என்றும் ஒருவர் உண்மையாகவே நம்பினால், சும்மா இருப்பதுதான் அவருக்குக் கொடுமை. பக்கத்து வீடு தீப்பற்றி எரிகிறது என்று நினைப்பவர் நள்ளிரவிலும் கதவைத் தட்டுவார். உள்ளே தூங்கிக்கொண்டிருப்பவருக்கோ தீ தெரியவில்லை, புகை வாசனையும் இல்லை, யாரோ முன்பின் தெரியாத ஆள் கதவை இடிப்பது மட்டும்தான் கேட்கிறது. சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. இதில் இருவருமே கெட்டவர்கள் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இதைச் செய்வதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 6 சதவீதம். அதில் ஆர்.சி. என்று நாம் சொல்லும் கத்தோலிக்கர்களும், பழைய மிஷன் சபைகள் சேர்ந்து 1947-ல் உருவான சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்றவையும் தெருவில் இறங்கி நோட்டீஸ் கொடுப்பது அரிது. பெந்தெகொஸ்தே சபைகளும், ஒரு பாஸ்டரைச் சுற்றி உருவாகும் தனிச் சபைகளும்தான் கண்ணில் அதிகம் படுகின்றன. வெளியே இருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் மைக் பிடித்தால் வசவு ஆறு சதவீதத்துக்கும் சேர்த்துத்தான் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு மதத்தை நம்பவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. 'பரப்பவும்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக 1948 டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையில் பெரிய விவாதமே நடந்தது. அந்தச் சொல் இருக்கட்டும் என்று பேசியவர்களில், பின்னாளில் மத்திய நிதியமைச்சரான டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்தேன், என்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று அவர் சபையில் சொன்னார்.

1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: உன் மதத்தின் கொள்கையை எடுத்துச் சொல்ல உனக்கு உரிமை உண்டு, அடுத்தவரை மதம் மாற்றுவது உன் உரிமை ஆகாது. தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்து, 2004 மக்களவைத் தேர்தலில் தோற்ற பிறகு அதைக் கைவிட்டது. ஆக நோட்டீஸ் கொடுப்பது குற்றமில்லை. சரி, குற்றமில்லை என்பதால் எரிச்சல் வராது என்று ஆகிவிடுமா? பஸ்ஸில் சத்தமாகப் போனில் பேசுவதும்தான் குற்றமில்லை.

எது உறுத்துகிறது?

பெரும்பாலும் கொள்கை இல்லை. இயேசு சிலுவையில் மரித்தார், மூன்றாம் நாள் எழுந்தார் என்பதைக் கேட்டு இங்கே யாருக்கும் கோபம் வந்ததில்லை. ஏற்கெனவே இருக்கும் சாமி படங்களோடு வேளாங்கண்ணி மாதா படத்தையும் சேர்த்து மாட்டிவைக்கும் வீடுகள் உள்ள மாநிலம் இது. கேட்பவருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல இடமே இல்லாதபடி அது சொல்லப்படுவதுதான் உறுத்துகிறது. இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

1. இடமும் நேரமும்.

அரசு மருத்துவமனை வார்டு, மாலைப் பார்வையாளர் நேரம். காலில் கட்டுப்போட்டுப் படுத்திருப்பவர், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, பக்கத்தில் ஃபிளாஸ்க், பாதி உரித்த ஆரஞ்சு. கையில் பைபிளுடன் வரும் இரண்டு பேர் "ஐயா, உங்களுக்காக ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்டுத்தான் செய்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் படுத்திருப்பவர் எழுந்து வேறு இடத்துக்குப் போக முடியாது. நமக்காகச் சாமி கும்பிட வந்தவர்களை எப்படி வேண்டாம் என்பது என்ற கூச்சம் வேறு. தலையை ஆட்டிவிடுகிறார். வந்தவர்களுக்கு அது சம்மதம், அவருக்கு வேறு வழியில்லை. மறுநாள் அவர்கள் திரும்ப வரும்போது இவர் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடப்பார்.

ஓடும் ரயில் பெட்டி, சாவு வீடு, கடன் தொல்லையில் இருப்பவரின் திண்ணை, மேலதிகாரியின் அறை எல்லாமே இந்த வகைதான். உளவியலில் இதற்கு ரியாக்டன்ஸ் என்று ஒரு சொல் உண்டு. ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-ல் முன்வைத்தது: தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பறிபோவதாக ஒருவருக்குத் தோன்றினால், சொல்லப்படும் விஷயம் நல்லதா கெட்டதா என்று பார்க்காமலே மனம் அதற்கு எதிர்ப்பக்கம் சாயும். கடன் வேண்டுமா என்று மத்தியான நேரத்தில் வரும் போன் அழைப்பிடம் நாம் காட்டும் கடுப்பும் இதே கடுப்புதான். அன்று உண்மையிலேயே கடன் தேவைப்பட்டிருந்தாலும் கடுப்பு வரும்.

2. கேட்பவருக்கு வைக்கும் பெயர்.

தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தமிழை ஊன்றிப் படித்தவர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். அவருடைய மிஷன் அச்சகத்திலிருந்து 1713-ல் வந்த ஆரம்பகால வெளியீடுகளில் ஒன்றின் தலைப்பே 'அக்கியானம்', அதாவது அஞ்ஞானம். படிக்கப் போகிறவருக்கு முதல் பக்கத்திலேயே வைத்த பெயர்! முந்நூறு ஆண்டு கழிந்தும் சொற்கள் பெரிதாக மாறவில்லை. புறஜாதியார், அஞ்ஞானிகள், விக்கிரக ஆராதனை, சாத்தானின் கட்டு என்றுதான் இன்றும் மைக்கில் கேட்கிறது. சொல்பவருக்கு இவை வேதத்தில் வரும் கலைச்சொற்கள், அன்றாடம் புழங்கிப் புழங்கித் தேய்ந்துபோனவை. கேட்பவருக்கோ சாத்தான் என்று அவர் சொல்வது தன் பாட்டி ஆடி மாதம் கூழ் ஊற்றிய அம்மனை, தனக்கு மொட்டை போட்டுக் காது குத்திய குலதெய்வத்தை. அங்கே விவாதம் தத்துவத்தைத் தாண்டிக் குடும்பத்துக்குள் போய்விடுகிறது.

இதன் நெருக்கமான வடிவம் சாப்பாட்டில் வரும். ஆயுத பூஜை அன்று அலுவலகத்தில் பொரி, கடலை, சுண்டல் கொடுக்கிறார்கள். ஒருவர் மட்டும் "நாங்க சாப்பிடறதில்ல" என்று கையை எடுத்துக்கொள்கிறார். அதே ஆள் டிசம்பரில் கேக் டப்பாவைத் திறந்து மேஜை மேஜையாகக் கொடுக்கும்போது எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. உணவைக் கொடுப்பதும் வாங்குவதும் உறவின் அளவுகோலாக இருக்கும் ஊர் இது. யார் வீட்டில் கை நனைப்பது என்பதை வைத்தே மேல் கீழ் பார்த்த ஊர். அங்கே மறுக்கப்படும் ஒரு கை பொரி, நூறு நோட்டீஸைவிடப் பெரிய செய்தி. இத்தனைக்கும் பைபிளில் கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல், சாமிக்குப் படைத்த உணவைச் சாப்பிடலாமா என்ற இதே கேள்வியைப் பல கோணத்திலிருந்து பார்க்கிறார். சாப்பிடுவதால் குறைவும் இல்லை கூடுதலும் இல்லை என்கிறார், விருந்துக்குக் கூப்பிட்டால் போய் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார், படைத்தது என்று ஒருவர் சொன்னால் விட்டுவிடு என்றும் சொல்கிறார். பழைய சபைகளில் பலர் பொரியை வாங்கிக்கொள்கிறார்கள். புதிய சபைகளில் கடைசி வரி மட்டும் சட்டமாகிவிட்டது.

3. வேறு யாருக்கும் புரியாத தமிழ்.

'எனக்கு உங்களைக் குறித்து ஒரு பாரம் உண்டு', 'கர்த்தர் என்னோடு இடைப்பட்டார்', 'ஆத்தும ஆதாயம்', 'அபிஷேகம் இறங்கியது'. பத்தொன்பதாம் நூற்றாண்டு பைபிள் மொழிபெயர்ப்பிலும் பிரசங்க மேடையிலும் ஊறிய தமிழ் இது. சபைக்குள் அழகாகவே இருக்கும். வெளியே 'இரட்சிக்கப்பட்டீர்களா?' என்று கேட்டால், எதிலிருந்து, யார், எப்போது என்று ஒன்றும் புரியாமல் ஒருவர் விழிப்பார். இயேசுவை ஏற்றுப் பாவத்திலிருந்து மீட்கப்பட்டீர்களா என்பதுதான் கேள்வி. (அபிஷேகம் என்றால் அவர் மனதில் பாலும் பஞ்சாமிர்தமும்தான் வரும்.) சொந்த ஊரிலேயே வெளிநாட்டுக்காரர் போல ஒலிப்பதற்கு இது ஒரு காரணம்.

4. எண்ணிக்கை.

வயல், அறுவடை, அறுப்பு மிகுதி என்பவை இயேசுவின் உவமைகளிலிருந்து வந்தவை. ஆனால் 'இந்தக் கூட்டத்தில் இத்தனை ஆத்துமாக்கள் அறுவடை' என்று மேடையில் அறிவிக்கும்போது, வெளியே டீக்கடையில் நின்று அதைக் கேட்பவர் தன்னைக் கதிராக நினைத்துப் பார்க்கிறார். நேற்று வரை அன்பாகப் பேசிய பக்கத்து வீட்டு அக்கா, மூன்று முறை சபைக்கு அழைத்தும் வராததால் பேச்சைக் குறைத்துக்கொண்டால் போதும், அந்த அன்பு எதற்காக என்ற சந்தேகம் பின்னோக்கி எல்லா நாட்களுக்கும் பரவிவிடும். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகக் காயப்படுத்துவது இதுதான். மைக் சத்தம் காதை வலிக்கச் செய்யும், அவ்வளவே.

5. சுகமும் உதவியும்.

'குருடர் பார்க்கிறார்கள், செவிடர் கேட்கிறார்கள்' என்று சுவரொட்டி. ஜெபம் செய்வது அவரவர் விருப்பம். சிக்கல், குணமாகாதபோது வருகிறது. 'விசுவாசம் போதவில்லை' என்று நோயாளி மேலேயே பழியைப் போட்டுவிட்டால், அந்தக் குடும்பம் ஜென்மத்துக்கும் மறக்காது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அளவுக்குப் போனால் அது வெறும் உறுத்தல் இல்லை, ஆபத்து.

உதவி விஷயத்தில் 'அரிசி மூட்டைக்கு மதம் மாறியவன்' என்ற ஏச்சு இங்கே பழகிப்போன ஒன்று. நிபந்தனையோடு உதவி செய்வது தவறு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஏச்சு ஏழைகளையும் சேர்த்தே அவமதிக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையின் மீனவர்களான பரவர்கள் 1530-களில் போர்த்துகீசியரிடம் பாதுகாப்பு தேடி ஞானஸ்நானம் பெற்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பள்ளிக்கூடத்தையும் மரியாதையையும் தேடிச் சபைக்குப் போனார்கள். அதெல்லாம் யோசித்து எடுத்த முடிவுதான்.

6. சத்தம்.

இதற்குச் சென்னையிலேயே ஒரு முன்னோடி வழக்கு உண்டு. மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கியுடன் ஆராதனை நடத்திய ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கு எதிராக அக்கம்பக்கத்து நலச்சங்கம் நீதிமன்றம் போனது. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் பிரார்த்தனை செய்யச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்று 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆடி மாத அம்மன் பாட்டுக்கும் இதே விதிதான் என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

இது புதிய சண்டை இல்லை

மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் பத்தாண்டுக்கு மேல் இருந்தார். பள்ளி நடத்தினார், வைத்தியம் பார்த்தார். மதுரைக்காரர் ஒருவரும் சேரவில்லை. ஞானஸ்நானத்துக்கு முன் அவர் கேட்ட கேள்வி, 'பரங்கிக் குலத்தில் (அதாவது வெள்ளைக்காரர் குலத்தில்) சேர விருப்பமா?' என்பது. இதுதான் நீங்கள் கேட்கும் கேள்வி என்றால் யார் வருவார்கள்? 1606-ல் அங்கே வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நொபிலி இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். காவி உடுத்தார், புலால் விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார், தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, தேடி வந்தவர்களோடு உட்கார்ந்து வாதம் செய்தார். சொந்தச் சபைக்குள்ளேயே அவர்மேல் புகார் போய், ரோம் 1623-ல்தான் அவர் முறையை அனுமதித்தது. ஆனால் அவர் சாதியையும் அப்படியே ஏற்றுக்கொண்டார். அந்த விலையை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவரைப் பார்த்த ஒருவரிடம் 'கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று' என்ற நோட்டீஸை நீட்டிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் வேறு கதை. பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், மிஷனரிகளின் உத்திகளை உள்ளேயிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். 1847 டிசம்பர் 31-ல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்து பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், கண்டனப் பிரசுரம் என்று போனது. 'அஞ்ஞானம்' என்று துண்டுப்பிரசுரம் போட்டால் பதிலுக்கும் துண்டுப்பிரசுரம்தான் வரும். இகழ்ச்சியாகச் சொல்லப்பட்ட சுவிசேஷம் சைவத்தை எழுப்பிவிட்டது என்றே அந்தக் காலத்தைப் படிக்கலாம்.

விளைவு யார் தலையில்?

முதலில் அமைதியாக இருக்கும் சாதாரணக் கிறிஸ்தவர் தலையில். 'உங்க ஆளுங்க' என்று தொடங்கும் ஒவ்வொரு புகாருக்கும் அவர் அசடு வழியச் சிரிக்க வேண்டியிருக்கிறது. அடுத்து, வெறுப்பு அரசியலுக்கு இலவச எரிபொருள். ஒரு ஊழியக்காரரின், அதாவது பிரசங்கியாரின், திமிரான காணொளி, ஊரில் ஐம்பது ஆண்டாக இருக்கும் ஆலயத்தின்மேல் சந்தேகத்தைக் கொண்டுவருகிறது. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: உறுத்துகிறது என்பதற்கும் அடிக்கலாம் என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒடிசாவில் தொழுநோயாளிகளுக்கு இல்லம் நடத்திய கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறு மகன்களும் 1999 ஜனவரியில் ஜீப்போடு எரிக்கப்பட்டார்கள். எரித்தவர்களும் மதமாற்றம் என்றுதான் காரணம் சொன்னார்கள். அவர் மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்துவிட்டு 2004 வரை ஒடிசாவிலேயே தொழுநோயாளிகளோடு இருந்ததைப் படித்து, பிரசங்கம் பிடிக்காதவர்களும் கலங்கினார்கள்.

சபைகளுக்கும் இது தெரியாமல் இல்லை. 2011 ஜூனில் உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் மதங்களுக்கிடையிலான உரையாடல் அவையும், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் சேர்ந்து ஒரு நடத்தை விதித் தொகுப்பை வெளியிட்டன. ஏமாற்று வேண்டாம், வறுமையைப் பயன்படுத்த வேண்டாம், பிற மதங்களைப் பற்றிப் பொய் சாட்சி சொல்ல வேண்டாம் என்கிறது அது. சாதாரணமாக ஒரே மேடையில் ஏறாத மூன்று பேர் சேர்ந்து போட்ட கையெழுத்து. நம் ஊர் மைக் வரை அது வந்து சேரவில்லை.

இன்னும் பழைய விதி பைபிளில், பேதுருவின் முதல் கடிதத்தில் உண்டு. உங்கள் நம்பிக்கையைப் பற்றி 'விசாரித்துக் கேட்கிற' யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்கிறது அது. முதலில் கேட்பது எதிராளி, பிறகுதான் பதில்.

ஆகஸ்ட் கடைசியில் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி வேட்டி கட்டி வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களில் கணிசமானோர் இந்துக்கள். மொட்டை போடுகிறார்கள், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள், கடலில் கால் நனைத்துவிட்டு ஊர் திரும்பி அடுத்த வாரம் மாரியம்மனுக்கும் விளக்குப் போடுகிறார்கள். அவர்கள் கையில் யாரும் நோட்டீஸ் திணிக்கவில்லை. மாம்பலத்தில் ரயில் ஏறும் அந்த மனிதரிடம் இதைக் காட்டினால், "வந்தாங்க சரி, மனம் திரும்பலையே" என்பார். அவருடைய கணக்கில் இது தோல்வி.